பழங்கால எகிப்தியக் கல் ஜாடிகள்: சேகரிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல் ஜாடி வாங்க நினைப்பவர்களுக்கும், வீட்டில் ஏற்கெனவே ஒன்றை வைத்துக்கொண்டு அது என்னவென்று தெரியாமல் இருப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். எகிப்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. உலகச் சந்தையில் அதிகம் விற்கப்படும் பழைய கல் ஜாடிகள் எகிப்தினுடையவை. அதிகம் போலி செய்யப்படுபவையும் அவையே. இங்கே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவை மற்ற நாட்டுக் கல் ஜாடிகளுக்கும் பொருந்தும்.

எகிப்தியர் எந்தக் காலத்தில் கல் ஜாடி செய்தார்கள்?

கி.மு. 4000-க்கும் முன்பே தொடங்கி, ரோமர் காலம் வரை. உச்சம் என்றால் முதல் மூன்று அரச வம்சங்களின் காலம், அதாவது ஏறக்குறைய கி.மு. 3100 முதல் 2600 வரை. சக்காராவில் ஜோசர் மன்னனின் படிப் பிரமிடுக்கு அடியில் உள்ள சுரங்க அறைகளில் மட்டும் சுமார் 40,000 கல் கலங்கள் கிடைத்தன. அவற்றில் பல, ஜோசருக்கு முன் ஆண்ட மன்னர்களின் பெயர் பொறித்தவை. எண்ணெய், களிம்பு, கண்ணுக்கு இடும் மை, உணவுப் படையல் ஆகியவற்றை வைக்கவே இவை செய்யப்பட்டன. பூ வைப்பதற்கு அல்ல.

என்னென்ன கல்லில் செய்தார்கள்?

அதிகம் கிடைப்பது தேன் நிறப் பட்டைகளும் பால் வெள்ளைப் பட்டைகளும் மாறி மாறி வரும் டிராவர்டைன். இதற்குப் பேர்போன சுரங்கம் மத்திய எகிப்தில் உள்ள ஹத்னுப். அடுத்து சுண்ணாம்புக் கல், கறுத்த பசால்ட், பச்சை கலந்த செர்பென்டைன், வாதி ஹம்மாமாத்தில் வெட்டிய சாம்பல்-பச்சை கிரேவாக்கே. சிவப்புத் தளத்தில் கூர்முனை வெள்ளைச் சில்லுகள் பதிந்த பிரெக்சியா, கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் தெறித்த போர்ஃபிரி, கெபெல் எல்-அசர் பகுதியின் நைஸ் ஆகிய மூன்றும் அரிது, விலையும் கூடுதல். வெளிர் நீலச் சாயலுள்ள அன்ஹைட்ரைட் கல்லில் செய்த சிறு மைச்சிமிழ் என்றால், பெரும்பாலும் 12-ஆம் வம்சத்தை (ஏறக்குறைய கி.மு. 1990 முதல் 1800 வரை) ஒட்டிய காலம். பழைய விற்பனைப் பட்டியல்களில் இதை 'நீலப் பளிங்கு' என்று எழுதியிருப்பார்கள். அது பளிங்கே அல்ல.

விற்பவர் 'அலபாஸ்டர்' என்கிறார். நம்பலாமா?

எந்த அலபாஸ்டர் என்று முதலில் கேளுங்கள். ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட கற்கள் விற்கப்படுகின்றன. எகிப்திய டிராவர்டைன் என்பது கால்சைட். மோஸ் அளவுகோலில் (கடினத்தை 1 முதல் 10 வரை குறிப்பது) கடினத்தன்மை 3, அடர்த்தி மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம். இத்தாலியின் வோல்டெர்ரா ஊரில் செதுக்கும் அலபாஸ்டரோ ஜிப்சம். கடினத்தன்மை 2, அடர்த்தி 2.3. கைவிரல் நகத்தின் கடினம் சுமார் 2.5. ஆகவே ஜிப்சத்தில் நகம் கீறல் போடும், கால்சைட்டில் போடாது. உண்மையான பழம்பொருளில் நகம் வைக்கவே கூடாது. இன்றைய பொருள்தான் என்று உறுதியாகத் தெரிந்த துண்டில் மட்டும் செய்து பழகுங்கள்.

கன்னத்தில் ஒட்டிப் பார்த்தாலும் வேறுபாடு தெரியும். கால்சைட் சில்லென்று இருக்கும்; ஜிப்சம் அவ்வளவு குளிராது. ஜாடிக்குள் சிறு எல்.இ.டி. டார்ச்சை விட்டு அறையை இருட்டாக்குங்கள். நல்ல டிராவர்டைனின் மெல்லிய சுவர் தேன் நிறத்தில் ஒளிரும், பட்டைகள் அலை அலையாகத் தெரியும். ஜிப்சத்தில் ஒளி வெண்மேகம் போலப் பரவும், ஒழுங்கான பட்டை இருக்காது. எகிப்திலும் ஃபயூம் பகுதியில் ஜிப்சம் வெட்டி ஆரம்பகாலத்தில் கலங்கள் செய்திருக்கிறார்கள். எனவே ஜிப்சம் என்பதாலேயே போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

அமிலத் துளி விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கும் சோதனையை இணையத்தில் பலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். ஒரே துளி, மெருகில் நிரந்தர வடுவாக நின்றுவிடும்.

அடர்த்தியை வீட்டில் அளக்க முடியுமா?

முடியும். ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு போதும்.

முதலில் ஜாடியை உலர்ந்த நிலையில் எடைபோடுங்கள். 813 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தராசில் தண்ணீர் நிறைந்த அகலப் பாத்திரத்தை வைத்து, எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டு வாருங்கள். மெல்லிய பருத்தி நாடாவால் ஜாடியை அடிப்புறமாகத் தாங்கிக் கட்டி, முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. ஜாடியைச் சற்றுச் சாய்த்து, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். இதை மறந்தால் விடை குறைவாக வரும். இப்போது தராசு காட்டும் எண்தான் கல்லின் கன அளவு, மில்லிலிட்டரில். 300 என்று காட்டினால், 813 ÷ 300 = 2.71. கால்சைட்டின் அடர்த்தி இதுதான். சுண்ணாம்புக் கல்லும் பளிங்கும்கூட இதே வரம்பில் வரும் என்பதால் கண்ணால் பார்ப்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். செர்பென்டைன் 2.6-ஐ ஒட்டியும், பசால்ட் 2.9-ஐ ஒட்டியும் நிற்கும். கல்தூளைப் பிசினில் குழைத்து அச்சில் வார்த்த பொருள் பெரும்பாலும் 2-க்குக் கீழே நின்றுவிடும். வார்ப்புப் போலிகளை இந்த ஒரு சோதனையே கழித்துவிடும்.

ஜிப்சம், விரிசல் விட்டவை, வண்ணம் அல்லது மையெழுத்து உள்ளவை, மேலே வெள்ளை உப்பு பூத்தவை ஆகியவற்றைத் தண்ணீரில் போடவே கூடாது. ஜிப்சம் தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் அளவுக்குக் கரையும். மெருகு மங்குவதற்கு அது போதும்.

பழையதா, புதியதா என்று அறிய முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

உள்ளே. வெளிப்புறத்தை மெருகேற்றலாம், கறையேற்றலாம், மண் பூசலாம். உட்புறத்தைக் குடைந்த விதத்தை மறைப்பது மிகக் கடினம். போலி செய்பவர்கள் அதற்கு மெனக்கெடுவதும் குறைவு.

பழைய முறை இது. முதலில் வெளிவடிவத்தைக் கல்லால் கொத்தி, தேய்த்து முடித்துவிடுவார்கள். பிறகு உள்ளே குடைவார்கள். முனையில் தாமிரக் குழாய் மாட்டிய தண்டு, மேலே பாரத்துக்குக் கட்டிய கற்கள், வெட்டுவதற்கு மணல். தண்டை முன்னும் பின்னுமாகத் திருகத் திருக, மணல்தான் கல்லை அரைக்கும். நடுவில் நிற்கும் உருளையை உடைத்து எடுத்துவிடுவார்கள். தோள் அகன்ற ஜாடியாக இருந்தால், இடுப்பு குறுகிய, 8 வடிவத் துரப்பணக் கல்லைக் குறுகிய வாய்வழியே செங்குத்தாக இறக்கி, உள்ளே படுக்கவைத்து, கவைத் தண்டால் பிடித்துச் சுற்றுவார்கள். அடுத்து அதைவிட நீளமான கல், அதற்கடுத்து இன்னும் நீளமானது. ஜிப்சம் போன்ற மென்கல்லுக்குப் பிறை வடிவச் சிக்கிமுக்கிக் கல்லே போதுமாக இருந்தது. சக்காராவில் மெரெருக்கா என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில் கல் ஜாடி குடையும் தொழிலாளர்களின் காட்சியே செதுக்கப்பட்டிருக்கிறது.

இந்த வேலை விட்டுச்செல்லும் தடங்களைத்தான் தேட வேண்டும். டார்ச்சை வாயோரமாகச் சாய்த்துப் பிடித்து, 10 மடங்கு லென்ஸால் பாருங்கள். கிடைமட்டக் கோடுகள் இருக்கும், ஆனால் ஒன்று ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் இருக்கும். இடைவெளி ஒரே சீராக இராது. சில கோடுகள் பாதியில் நின்றுவிடும். அடியில் குழாய் நின்ற இடத்தில் வட்டத் தடமோ, உடைத்தெடுத்த உருளையின் மிச்சமான சிறு மேடோ தென்படலாம். சுத்தமான விரலைத் தோளின் உட்பக்கம் விட்டுத் தடவுங்கள். கருவி எட்டாத அந்த இடத்தில் சுவர் தடித்திருக்கும். பல ஜாடிகளில் உள்குடைவு வெளிவளைவைப் பின்பற்றாமல் நேர் உருளையாகவே இறங்கும்.

கடைசல் இயந்திரத்தில் செய்தது எப்படித் தெரியும்? திருகுச்சுருள் போல, வாயிலிருந்து அடிவரை ஒரே இடைவெளியில் ஓடும் மெல்லிய கோடு. அடியின் நடுவில் ஒரு புள்ளிக் குழி. சுற்றிலும் காலிபரில் (தடிமன் அளக்கும் கருவி) வேறுபாடே காட்டாத சுவர்த் தடிமன். வாய் விளிம்பில் எட்டு இடங்களில் தடிமனை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கையால் குடைந்தவற்றில் பொதுவாகச் சிறு ஏற்ற இறக்கம் வரும்.

ஒரு எச்சரிக்கை. லுக்சோர் மேற்குக் கரையில் இன்றும் கையாலேயே டிராவர்டைன் ஜாடி குடைகிறார்கள். அழகான, நேர்மையான தொழில் அது; சுற்றுலாப் பயணிகளுக்குப் புதியது என்று சொல்லியே விற்கிறார்கள். அதே ஜாடி கைமாறி, வேறு நாட்டில் பழம்பொருள் ஆகும்போதுதான் சிக்கல். ஆகவே கைவேலை என்பது பழமைக்குச் சான்று ஆகாது. இயந்திர வேலை என்பதோ பழமைக்கு எதிரான உறுதியான சான்று.

உள்ளே குடையவே இல்லை, அல்லது லேசாகத்தான் குடைந்திருக்கிறது. போலியா?

கட்டாயம் இல்லை. பழைய அரசு எனப்படும் காலத்தில் (ஏறக்குறைய கி.மு. 2700 முதல் 2200 வரை) கல்லறைப் படையலுக்கென்று சில சென்டிமீட்டர் உயரத்தில் மாதிரிக் கலங்கள் செய்தார்கள். பல, மேலே ஒரு குழியோடு நிற்கும், அல்லது முழுக்கட்டியாகவே இருக்கும்.

வடிவத்தை வைத்துக் காலம் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். வடிவமும் கல்லும் ஒரே காலத்தைக் காட்ட வேண்டும். இரண்டும் முரண்பட்டால் சந்தேகப்படுங்கள்.

வம்சங்களுக்கு முந்தைய நகாதா காலத்தின் தொடக்கத்தில் உயரமான, சிறு பாதமுள்ள பசால்ட் ஜாடிகள்; தோளில் துளையிட்ட இரண்டு சிறு காதுகள். பிறகு உடல் குண்டாகி, காதுகள் கிடைமட்டக் குழாய்களாக நீள்கின்றன. பிரெக்சியா, போர்ஃபிரி போன்ற கடினக் கற்கள் வருகின்றன. இந்தக் காதுத் துளையை லென்ஸில் பாருங்கள். பழைய துளை இரு பக்கமிருந்தும் குடைந்து நடுவில் சந்திப்பதால், நடுப்பகுதி குறுகி இருக்கும். ஒரே விட்டத்தில் நேராக ஊடுருவினால் அது மின் துளைகருவியின் வேலை.

முதல் வம்சங்களில் உருளை ஜாடி பெருகுகிறது. வாய்க்குக் கீழே கயிறு சுற்றியது போன்ற ஒரு வளையம் பல ஜாடிகளில் ஓடும். பழைய அரசுக் காலத்தில் கடினக் கற்கள் குறைந்து டிராவர்டைன் முன்னிலைக்கு வருகிறது. ஆறாம் வம்சத்தின் பெப்பி மன்னர்களின் செட் விழாவை (நீண்ட ஆட்சியைக் கொண்டாடும் விழா) ஒட்டிப் பெயர் பொறித்த உருளை ஜாடிகள் இக்காலத்தவை. மத்திய அரசுக் காலம் (ஏறக்குறைய கி.மு. 2050 முதல் 1650 வரை) என்றால் தட்டையான அகன்ற வாய்த்தகடுள்ள குட்டை மைச்சிமிழ்கள். சிலவற்றில் வாய்த்தகடு தனித் துண்டு, அது தொலைந்துபோனவை பல. புதிய அரசுக் காலத்தில் (ஏறக்குறைய கி.மு. 1550 முதல் 1070 வரை) நீள்கழுத்து, கைப்பிடி, பீடம் என்று வெளிநாட்டு மண்பாண்ட வடிவங்களைக் கல்லில் வடித்தார்கள். கடைசியாக, கி.மு. 7-ஆம் நூற்றாண்டை ஒட்டிப் பரவும் அலபாஸ்ட்ரான்: நீண்ட உடல், உருண்ட அடி, கடுகளவே துருத்தும் இரண்டு காதுகள். தனியே நிற்காது. அதைத் தட்டையான அடியோடு யாராவது காட்டினால், அடி பின்னால் தேய்க்கப்பட்டதா என்று பாருங்கள்.

மன்னர் பெயர் பொறித்த ஜாடி வந்திருக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

ஜாடி உண்மையாகவும் எழுத்து பொய்யாகவும் இருக்கலாம். எழுத்தில்லாத பழைய ஜாடியில் பெயரைப் பொறித்தால் விலை பல மடங்கு ஏறும் என்பதால், நூறாண்டுக்கும் மேலாக இந்த மோசடி நடந்துவருகிறது.

லென்ஸில் எழுத்தின் பள்ளத்தைப் பாருங்கள். மேற்பரப்பு மங்கிப் பழுத்திருக்க, பள்ளத்துக்குள் மட்டும் கால்சைட் படிகங்கள் சர்க்கரை போலப் புதிதாக மின்னினால், எழுத்து பிந்தியது. மண்படிவம் எழுத்தின் விளிம்போடு கத்தரித்தாற்போல நின்றாலும் அதே முடிவு. உண்மையான எழுத்தில் படிவம் மேற்பரப்பிலிருந்து பள்ளத்துக்குள் தொடர்ச்சியாக இறங்கும். சுழல்முனைக் கருவி கோட்டின் இரு முனைகளையும் உருண்டையாக முடிக்கும். படிக்கத் தெரிந்தவரிடம் வாசகத்தையும் காட்டுங்கள். எழுத்துகளின் திசை மாறியிருப்பது, அரசப் பெயர் வளையத்துக்குள் பொருளற்ற குறிகள் இருப்பது போன்ற பிழைகள் உடனே வெளிவரும்.

மண்ணும் கறையும் இருக்கிறதே, அதுவே பழமை அல்லவா?

இல்லை. பசையில் குழைத்த மண், தேயிலைச் சாறு, காலணி மெழுகு எல்லாமே பழமைக் கறை ஏற்றப் பயன்படுகின்றன. புதைந்திருந்த டிராவர்டைனில் மென்மையான பட்டைகள் அரிக்கப்பட்டு, உறுதியான பட்டைகள் மயிரிழை அளவு மேலே நிற்கும். கண்ணை மூடி விரலால் தடவினால் தெரியும். வேர் ஊர்ந்த தடம் கிளைவிட்டு ஓடும். கனிமப் படிவம் கல்லோடு இறுகியிருக்கும். பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் தொட்டு அடிப்புறத்தில் ஒரு புள்ளியில் உருட்டுங்கள். பசை மண் என்றால் பழுப்பாகக் கரைந்து வரும். அடிப்புறத் தேய்மானமும் பேசும். ஆண்டாண்டாக நகர்ந்த ஜாடியின் அடியில், தரையைத் தொடும் வளையத்தில் மட்டும், எல்லாத் திசையிலும் வெவ்வேறு ஆழத்தில் கீறல்கள் இருக்கும். மணல்தாளில் தேய்த்தது இணைகோடுகளாக ஓடும்.

ஒட்டிச் சீர்செய்த இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

365 நானோமீட்டர் புறஊதா டார்ச் வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டில் பிசின், பசை, மேற்பூச்சு பெரும்பாலும் நீலவெண்மையாக ஒளிரும். கால்சைட்டும் சில வேளை தானாகவே ஒளிரும். ஆகவே ஒளியைவிட, ஒளி மாறும் எல்லைக்கோட்டைக் கவனியுங்கள். விரல் கணுவால் மெல்லத் தட்டினால் முழு ஜாடி கணீரென்று ஒலிக்கும், விரிசல் உள்ளது மந்தமாகக் கேட்கும். பிரெக்சியாவில் இயற்கையான நரம்புகளே ஒலியை மந்தமாக்கும், அங்கே இந்தச் சோதனை உதவாது. சீர்செய்திருப்பது குற்றமல்ல, விற்பவர் அதை மறைப்பதுதான் குற்றம்.

இவ்வளவு துல்லியமான ஜாடிகளைக் கையால் செய்திருக்க முடியாது என்று காணொளிகள் சொல்கின்றனவே?

அளக்கப்பட்ட ஜாடி எங்கே, எந்தக் கல்லறையில் தோண்டி எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். தனியார் சந்தையில் வாங்கிய, பிறப்பிடம் தெரியாத ஜாடி மிகத் துல்லியமாக இருந்தால், பழங்காலத்தில் இயந்திரம் இருந்தது என்பதற்கு அது சான்று ஆகாது. புதிய கடைசல் இயந்திரத்தில் செய்திருக்கக் கூடும் என்பதே எளிய விளக்கம். சுழற்றிக் குடைவதும் சுழற்றித் தேய்ப்பதும் இயல்பாகவே வட்டத்தைச் சீராக்கும். வேலை பாதியில் நின்ற ஜாடிகளும், தேய்ந்த துரப்பணக் கற்களும் அகழாய்வுகளில் கிடைத்திருக்கின்றன. செய்த கைகளின் பொறுமைக்குத் தர வேண்டிய மரியாதையை வேறு எதற்கோ கொடுப்பது வருத்தத்துக்குரியது.

என்ன ஆவணம் இருந்தால் வாங்கலாம்?

இந்தக் கேள்வியில் சமரசமே கூடாது. எகிப்தில் 1951-ஆம் ஆண்டின் 215-ஆம் எண் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற வணிகர்கள் விற்றார்கள். கெய்ரோ அருங்காட்சியகமே ஒரு விற்பனை அறையை நடத்திவந்தது. 1983-ஆம் ஆண்டின் 117-ஆம் எண் சட்டம் வணிகத்தையும் ஏற்றுமதியையும் முற்றாகத் தடை செய்தது. கலாசாரச் சொத்துகள் பற்றிய யுனெஸ்கோ உடன்படிக்கை 1970 நவம்பர் 14 அன்று ஏற்கப்பட்டது. பொறுப்பான அருங்காட்சியகங்கள் அந்த ஆண்டைத்தான் எல்லைக்கோடாக வைத்திருக்கின்றன. நீங்களும் அப்படியே வையுங்கள்.

நல்ல ஆவணம் என்றால் 1970-க்கு முந்தைய விற்பனைச் சீட்டு, படத்தோடு வந்த ஏலப் பட்டியல், தேதியுள்ள கடிதம், காப்பீட்டுப் பட்டியல். 1911-இல் ஹில்டன் பிரைஸ், 1922-இல் மெக்ரெகர் ஆகியோரின் தொகுப்புகள் லண்டன் சோதபீஸில் ஏலம் போயின; இத்தகைய பழைய ஏலச் சீட்டு ஜாடியின் அடியில் ஒட்டியிருந்தால் பட்டியலில் அந்த எண்ணைத் தேடி, விவரிப்பும் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அகழாய்வாளர்கள் கல்லறை எண்ணைக் கறுப்பு மையில் நேரடியாகக் கலத்தில் எழுதுவது வழக்கம். அந்த மையைத் துடைத்துவிடாதீர்கள், ஜாடியின் பிறப்புச் சான்றே அதுதான்.

'ஐரோப்பியத் தனியார் தொகுப்பு' என்ற ஒற்றை வரி ஆவணம் அல்ல. 'நம்பகச் சான்றிதழ்' என்று விற்பவரே அச்சடித்துத் தருவதும் அல்ல. 2011 கிளர்ச்சிக் காலத்தில் எகிப்தின் தொல்லிடங்கள் பல சூறையாடப்பட்டன. ஆவணமில்லாத ஜாடியை வாங்குபவர் தரும் பணம் அடுத்த குழியைத் தோண்டுபவனுக்குப் போகிறது.

இந்தியாவில் இருப்பவர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 100 ஆண்டுக்குக் குறையாத பொருளைத் தொல்பொருள் என்கிறது. தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது; வணிகம் செய்ய உரிமம் வேண்டும்; கற்சிற்பம் உள்ளிட்ட சில வகைகளைப் பதிவு செய்தாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன், இந்தியத் தொல்லியல் துறையின் வட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை வட்டம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. மண்ணுக்கடியில் ஏதாவது கிடைத்தால் கதையே வேறு: 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் 'எகிப்து ஜாடி' என்று காட்டுவது என்னவாக இருக்கும்?

பச்சைப் பட்டையோடு பளபளப்பது பெரும்பாலும் பாகிஸ்தானின் பலூசிஸ்தானிலிருந்து வரும் ஓனிக்ஸ் பளிங்கு. தொட்டால் சோப்பு போல வழுக்கி, சாளரப் பின்னல் வேலையோடு இருந்தால் ஆக்ராவின் மாக்கல் வேலை. இரண்டும் இந்தக் காலத்தவை. அவற்றுக்குரிய விலையில் வாங்கி மகிழலாம்.

எப்படிச் சுத்தம் செய்வது, எங்கே வைப்பது?

புளி, எலுமிச்சை, வினிகர் கிட்டவே வரக்கூடாது. பித்தளைக்குத் தேய்க்கிற கை, கல்லுக்கும் தேய்த்துவிடும். டிராவர்டைனின் மெருகு நிமிடங்களில் போய்விடும். மென்மையான உலர்ந்த தூரிகை போதும். எண்ணெய் தடவ வேண்டாம், அது ஊறிக் கறையாகும். தண்ணீர் ஊற்றிப் பூ வைக்கவும் வேண்டாம்.

கடலோர ஊர்களில் பெரிய எதிரி ஈரப்பதம். புதைந்திருந்த கல்லில் சோற்றுப்பு ஊறியிருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது அது கரையும், இறங்கும்போது மறுபடி படிகமாகும். ஒவ்வொரு முறையும் மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். ஜாடியில் வெள்ளை மாவு பூத்தால் கழுவாதீர்கள். சிலிக்கா ஜெல் வைத்த மூடிய கண்ணாடிப் பேழையில், ஈரப்பதமானி 40 முதல் 55 சதவீதத்துக்குள் காட்டும்படி வைத்துவிட்டு, கல் பாதுகாப்பு தெரிந்த வல்லுநரைத் தேடுங்கள். ஏ.சி.யைப் பகலில் அணைத்து இரவில் போடும் அறை இதற்குச் சரிப்படாது. எடுக்கும்போது ஒரு கை அடியில், ஒரு கை உடலில். வாயையும் காதையும் பிடித்துத் தூக்கக்கூடாது.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தொகுப்புகள் எவை?

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பெட்ரி அருங்காட்சியகம் முதன்மையானது. அகழாய்வு இடமும் கல்லறை எண்ணும் தெரிந்த கலங்கள் அங்கே ஏராளம். பட்டியலை இணையத்தில் படத்தோடு பார்க்கலாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டனும் அப்படியே. உங்கள் ஜாடியின் உயரம், வாய் விட்டம், அடி விட்டம், விளிம்புத் தடிமன், எடை ஆகியவற்றை எழுதி, அளவுகோலோடு நான்கு பக்கம், மேல், அடி, உள்ளே என ஏழு படங்கள் எடுத்து வைத்துக்கொண்டு தேடுங்கள். அதே படங்களும் அளவுகளும் காப்பீட்டுக்கும், களவு போனால் காவல்துறைக்கும் தேவைப்படும்.